ஒரு இஞ்ச் தண்ணி

அனுமந்தன்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டத்தில் அப்பா இரண்டாவது போர் போட்டபோது நான் பதினொன்றாம் வகுப்பு. நீரோட்டம் பார்க்க வந்தவரின் உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய் எழுந்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன். 700 அடி வரைக்கும் வெறும் புழுதிதான் பறந்தது. அம்மாவின் செயின் அடகிலிருந்து திரும்பவேயில்லை.

ஒன்பதாவது கோளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தேங்காய் ஞாபகம் வந்துவிடுகிறது. நெப்டியூனுக்கு வெகு அப்பால் சுற்றும் ஆறு சிறு பொருட்களின் பாதைகள் ஒரே பக்கமாக நீண்டிருக்கின்றன. பூமியைப்போல் பத்து மடங்கு நிறையுள்ள ஏதோ ஒன்று அவற்றை மேய்க்கிறது என்று 2016இல் பாட்டிஜினும் மைக் பிரவுனும் சொன்னார்கள். இதுவரை யாரும் அதைப் பார்த்ததில்லை. நீங்கள் தேடிய திசையில்தானே கிடைக்கும் என்கிறார்கள் மறுப்பவர்கள்.

"இருக்கு" என்று சொல்ல ஒருவருக்கு எப்போது உரிமை வருகிறது?

யுரேனஸ் தடம் பிசகியதை வைத்து லெவெரியே கணக்குப் போட்டார். 1846இல் நெப்டியூன் கிடைத்தது. புதனின் பிசகலுக்கும் 1859இல் அதே மாதிரி ஒரு கோளைச் சொன்னார். வல்கன் என்று பேர்கூட வைத்தாயிற்று. அப்படி ஒன்று கிடையாது. பிசகல் மட்டும் நிஜம். அதற்கான காரணத்தை 1915இல் ஐன்ஸ்டைன் சொன்னார்.

நம்ம காவலூரிலும் நடந்திருக்கிறது. 1977 மார்ச் 10, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்த நாள். கோள் மறைக்காத நேரத்திலேயே நட்சத்திர ஒளி ஒரு தடவை மங்கியதை பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் பதிவுசெய்து, புதிய துணைக்கோள் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். அது வளையம். இதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். ஒளி மங்கியது, அதை அப்படியே எழுதிவைத்தார்கள். அந்தப் பதிவு இன்றும் செல்லும்.

தேங்காய் நின்றதும் உண்மைதான். அதில் எனக்குச் சண்டையில்லை. உறுத்துவது வேறு. பிரவுன் குழுவினர் 2024இல், கோள் இருக்கலாம் என்று தாங்களே கணித்த இடங்களில் 78 சதவீதத்தில் அது இல்லை என்று அச்சிட்டார்கள். தங்கள் வறண்ட குழிகளை ஊருக்கே காட்டினார்கள்.

அப்பா குழிமேல் கல்லைப் போட்டு மூடினார். கேட்டவர்களிடம், "ஒரு இஞ்ச் தண்ணி இருக்கு" என்றார். அடுத்த மாதமே பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா அதே ஆளைக் கூட்டிவந்து, வரப்புக்கு அந்தப் பக்கம் போர் போட்டார். அங்கேயும் புழுதி.

வெகுநாள் கழித்துக் கேட்டேன், ஏம்ப்பா அவர்ட்ட சொல்லல என்று.

"அவருக்காச்சும் வருமோன்னு நெனச்சேன்" என்றார்.