சத்தம் போடுகிறவன் தரப்பு

சத்தத்தைப் பற்றி எழுதிய சிந்தனையாளர்கள் பலரும் அதைக் கேட்டு அவதிப்பட்டவர்களே. ஷோபன்ஹவர் 1851இல் வெளியிட்ட நூலில் இரைச்சலுக்கென்றே ஒரு கட்டுரையை ஒதுக்கி, தெருவில் சாட்டையைச் சொடுக்கிக்கொண்டு போகிற வண்டிக்காரனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார். காண்ட், வீட்டுக்குப் பக்கத்துச் சிறையில் கைதிகள் உரக்கப் பாடிய பக்திப் பாடல்கள் பொறுக்காமல் 1784இல் கோனிக்ஸ்பெர்க் நகரத் தலைவருக்குப் புகார் எழுதினார்; 1790இல் வந்த அவருடைய மூன்றாவது விமர்சன நூலில் சங்கீதத்துக்கே இங்கிதம் போதாது, கூப்பிடாத வீட்டிலும் நுழைந்துவிடுகிறது என்று ஒரு போடு போட்டார். கணிப்பொறியின் முன்னோடியான பாபேஜ் லண்டன் தெருவாத்தியக்காரர்களோடு மல்லுக்கு நின்று, 1864இல் அவர்களுக்கெதிராக ஒரு சட்டமே வரக் காரணமானார். எல்லோரும் ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர்கள். சாட்டைக்காரன் என்ன நினைத்தான், தன் சாட்டை எப்படி ஒலிக்கிறது என்று அவனுக்குத் தெரியுமா, தெரிந்தால் அவனுக்கு ஏதேனும் கடமை உண்டா — இதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் இதை அவன் தரப்பிலிருந்து எழுதுகிறேன். என் காரின் ரெசனேட்டர் ஓட்டையாகிவிட்டது.

எஞ்சினுக்கும் பின் சைலன்சருக்கும் நடுவே, வண்டியின் வயிற்றுக்கடியில், புகைக் குழாயோடு சேர்ந்தாற்போல் இருக்கிற சிறு தகர டப்பாதான் ரெசனேட்டர். அது போனதை வண்டிக்குள் உட்கார்ந்து கண்டுபிடிப்பது எளிதல்ல. கண்ணாடியை ஏற்றி, மின்விசிறியைப் போட்டால், ஏதோ தூரத்து உறுமல் என்றுதான் தோன்றும். எனக்குச் சொன்னது ஒரு மதில் சுவர். கடலூர் சாலையில் நீளமான காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் போகும்போது, இறக்கியிருந்த ஜன்னல் வழியாக என் வண்டியின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. சுவர் முடிந்ததும் நின்றுவிட்டது. அதாவது, எனக்கு நின்றுவிட்டது. பின்னால் வந்துகொண்டிருந்தவர்களுக்கு அல்ல. சத்தத்தைப் பின்னால் விட்டுக்கொண்டே முன்னால் போகிறவன் தன்னைக் கேட்க வேண்டுமானால், எதிரில் திருப்பி அனுப்ப ஏதாவது இருக்க வேண்டும். ஒரு சுவர், அல்லது ஒரு ஆள்.

ஒர்க்‌ஷாப்பில் இதற்கு வைத்தியம் தயாராக இருந்தது. "டப்பாவ கழட்டிட்டு நேர் பைப் வெல்டு அடிச்சிடலாம் சார். பின்னாடி சைலன்சர் இருக்கே, போதும். பிக்-அப் கூட கொஞ்சம் ஏறும்." அந்தப் பையன் சொன்னதில் பொய்யில்லை. எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை. செலவு குறைவு. பின் சைலன்சர் தொங்குகிறவரை எந்த இன்ஸ்பெக்டரும் குனிந்து பார்க்கப்போவதில்லை. நஷ்டம் யாருக்கென்று பார்த்தால், பெரும்பாலும் எனக்கில்லை. ஒரு காரில் கிட்டத்தட்ட எல்லாப் பாகமும் ஓட்டுகிறவனின் நன்மைக்கு. பிரேக் விளக்கு, மண்தடுப்பு, இந்த டப்பா போன்ற சில மட்டும் பிறருக்கு. (முழுக்கப் பிறருக்கு என்று சொல்லி ரெசனேட்டரைத் தியாகியாக்க வேண்டாம். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உள்ளே எழும் ரீங்காரத்தை அடக்கவும்தான் அதை வைக்கிறார்கள்.) இந்தப் பாகங்கள் கெட்டால்தான் ஒருவனுடைய ஒழுக்கம் சோதனைக்கு வருகிறது. டயர் தேய்ந்தால் மாற்றுவதில் என்ன ஒழுக்கம் இருக்கிறது?

சட்டத்தைக் கேட்கலாமே என்பார்கள். 2000இல் வந்த இரைச்சல் விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரையறுத்திருக்கின்றன; இரவு என்பது பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை. 10 டெசிபல் வித்தியாசம் என்றால் சக்தியில் பத்து மடங்கு. ஆக, இரவுக் காதைப் பகல் காதைவிடப் பத்து மடங்கு மென்மையானதாகச் சட்டம் கருதுகிறது. நல்ல விஷயம். ஆனால் என் எதிர்வீட்டுப் பெண்மணி நர்ஸ். இரவு டியூட்டி முடித்து எட்டரைக்கு வந்து படுக்கிறவர். நான் வண்டியை எடுப்பது ஒன்பதரைக்கு. அவருடைய நடு இரவு சட்டத்தின் பகல். சட்டத்துக்கு ஒரு சராசரிக் காதுதான் தெரியும். தெருவில் சராசரிக் காது யாருக்கும் இல்லை. எனக்கு அவருடைய டியூட்டி தெரியும் என்பதாலேயே, விதியில் எழுதாத ஒரு கடன் என்மேல் ஏறிவிடுகிறது. தெரிதலே கடனாகிவிடுகிற இந்த விசித்திரத்தை நம் ஒழுக்க நூல்கள் போதிய அளவு யோசிக்கவில்லை. அவை "பிறர்" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. பிறருக்கு முகமில்லை, டியூட்டி நேரமும் இல்லை.

நான் பழுதுபார்க்க முடிவுசெய்தேன், வீட்டிலேயே. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் நேர் பைப்போடு திரும்பி வந்துவிடுமோ என்பதும் ஒரு காரணம்.

முதலில் நோய்நாடல். முந்தின நாள் ஓடாத, குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து, வால்குழாயின் வாயை நனைத்த கனத்த துணியால் சில வினாடி அடைத்துப் பிடிக்க வேண்டும். குழாய் நல்லபடி இருந்தால் எஞ்சின் திணறும், துணியைத் தள்ளும். ஓட்டை இருந்தால் திணறாது. வேறெங்கோ "உஸ்" என்று சீறும். சீறுகிற இடத்தில் கரி படிந்திருக்கும். இன்னொன்று: குளிர்ந்த டப்பாவை ரப்பர் சுத்தியால் தட்டினால் உள்தகடு கழன்றிருப்பது கலகலவென்று தெரியும். தண்ணீர் வடிவதற்கென்று செய்தவனே போட்ட சிறு துளை சிலவற்றில் உண்டு. அதை நோயாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. நீண்ட தூரம் ஓடினால் குழாய் சூடேறி எல்லாம் ஆவியாகப் போய்விடும். என் வங்கிக் கிளைக்கும் வீட்டுக்கும் நாலு கிலோமீட்டர். சூடேறுவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. நீர் டப்பாவிலேயே தங்கி, புகையின் அமிலத்தையும் சேர்த்துக்கொண்டு, உள்ளேயிருந்து தின்கிறது. வெளியே பெயிண்ட் பளபளக்க, ஒரு நாள் ஸ்க்ரூடிரைவர் முனை அப்பளத்தில் போவதுபோல் போகிறது. அதிகம் உழைத்ததால் வந்த தேய்மானம் அல்ல. போதிய அளவு சூடேறாததால் வந்தது. இலக்கிய நண்பர்கள் சிலர் ஞாபகத்துக்கு வருகிறார்கள், போகட்டும்.

என் துணைக்கு வந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். வடக்கே ஒரு நெசவாலையில் முப்பது வருஷம் தறிகளுக்கு நடுவே நின்றவர். காது அங்கேயே போயிற்று. நான் துணியைப் பிடித்துக்கொண்டு சீறல் எங்கே என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தபோது, அவர் தரையில் ஒருக்களித்துப் படுத்து, சூடேறாத குழாயை ஒட்டி உள்ளங்கையைத் தொடாமல் நகர்த்திக்கொண்டே போய், மேல் தையலில் நிறுத்தினார். "இங்க ஊதுது தம்பி." கண்ணுக்குத் தெரியாத இடம். சத்தத்தை அவர் காற்றாகக் கண்டுபிடித்தார். அது உண்மையில் காற்றுதானே.

இந்த மனிதர் என் வாதத்தைக் கொஞ்சம் சிக்கலாக்குகிறார். என் சத்தம் அவரைத் தொந்தரவு செய்யவே முடியாது. அமைதியில் அவருக்குப் பங்கு ஒன்றுமில்லை. நான் உனக்குத் தொந்தரவு தரமாட்டேன், நீ எனக்குத் தராதே என்கிற ஒப்பந்தமாகத்தான் ஒழுக்கம் இருக்கிறது என்றால், அவர் வீட்டுக்குள் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கலாம். ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கத்திக் கேட்டிருக்க வேண்டும், எதிர்வீட்டில் தூக்கம்.

கடலூரில் சொல்லிவைத்து டப்பாவும் இரண்டு கேஸ்கெட்டும் வந்தன. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுப்பவனைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை. ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்துக்குக் கட்டை போட்டுத்தான் படுக்க வேண்டும். துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தின இரவே எண்ணெய் விட்டிருந்தோம். நாலில் மூன்று இணங்கின. நாலாவதை ஹாக்ஸா பிளேடால் அறுத்தோம். தொங்கவிடும் ரப்பர் வளையங்கள் சோப்புத் தண்ணீருக்கு வழிவிட்டன. புதியதை மாட்டும்போது எதையும் உடனே முறுக்கிவிடக்கூடாது. எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, குழாய் எதிலும் உரசாமல் ஒழுங்காகத் தொங்குகிறதா என்று ஆட்டிப் பார்த்து, பிறகு முன்னிருந்து பின்னாக முறுக்கிக்கொண்டு வர வேண்டும். மூன்று மணி நேரம்.

கழற்றிய பழைய டப்பாவை அறுத்துப் பார்த்தேன். நடுவே துளையிட்ட ஒரு குழாய். அதைச் சுற்றி வெற்றிடம். வேறொன்றும் இல்லை. அந்த வெற்றிடம்தான் வேலை செய்கிறது. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால் குழாயில் வினாடிக்கு 100 அடிகள் விழுகின்றன. அந்த அதிர்வுக்கென்று அளந்த அறை ஒன்று பக்கத்தில் இருந்தால், அதனுள் இருக்கும் காற்று சுருள்வில்லைப்போல் அமுங்கி, எதிர்ப்பட்ட நேரத்தில் திருப்பித் தள்ளுகிறது. ஏற்றமும் இறக்கமும் சந்தித்து இரண்டும் படுத்துவிடுகின்றன. (எல்லா ரெசனேட்டரும் இப்படியல்ல, சிலவற்றில் கண்ணாடிப் பஞ்சு அடைத்து சத்தத்தை உறிஞ்ச வைக்கிறார்கள்.) இந்த அறையின் கணக்கைச் செய்தவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். ஆனால் 1863இல் வெளிவந்த அவருடைய நூலில் ரெசனேட்டர் என்பது சத்தத்தை அடக்கும் கருவி அல்ல. ஒரு குழிவான உருண்டை. அதன் சிறு முனையைக் காதில் செருகிக்கொண்டால், கலவையான ஒலியிலிருந்து ஒரே ஒரு சுரம் மட்டும் எழுந்து கேட்கும். காதில் வைத்தால் கேட்க வைப்பது, குழாயில் வைத்தால் கேட்காமல் செய்கிறது. இரண்டும் ஒரே காரியத்தால்: அந்த ஒரு சுரத்துக்கு அது இணங்குகிறது. கேட்கத் தெரிந்த அறையால்தான் அடக்க முடிகிறது.

இதை வைத்துக்கொண்டு மௌனம் என்ற சொல் நம் புதுக்கவிதையில் படும் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசி வரியில் இடம் காலியாக இருந்தால் அங்கே மௌனத்தைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுகிறோம், நேர் பைப் வெல்டு அடிப்பதுபோல. இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய சிதம்பரத்தில் 1985 வரை வாழ்ந்த ஒருவர், மௌனி என்றே புனைபெயர் கொண்டு, மொத்தமாக இரண்டு டஜன் கதைகள் அளவுக்கே எழுதினார். அந்தக் கதைகளில் உள்ள அமைதி, சொல்லாமல் விட்டதால் மட்டும் வந்ததல்ல. ஒரு வாக்கியம் எழுப்புவதை அடுத்த வாக்கியம் எதிர்த்திசையில் வந்து சந்திப்பதால் வந்தது. அவர் குறைவாக எழுதினார் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு குறைவாக எழுதுகிறவர்கள், டப்பாவின் வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு அளவைப் பார்க்காதவர்கள்.

இரைச்சலை அடக்குவது எல்லாமே நல்ல காரியம் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஓட்டைக் குழாயில் தகரம் சுற்றி, கம்பி கட்டி, பசை அப்பிச் சத்தத்தைக் குறைத்துவிடுகிற வழக்கம் உண்டு. குழாயில் வருவது சத்தம் மட்டுமல்ல, கார்பன் மோனாக்சைடும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, சத்தமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். தரைத் தகட்டில் ஒரு துரு ஓட்டை இருந்தால் போதும், பின்சீட்டில் குழந்தை தூங்குகிறது என்றே நினைத்துக்கொண்டு ஓட்டலாம். இந்த விஷயத்தில் இரைச்சல்தான் காவல்காரன். அவன் வாயைப் பொத்துவதும் ஓட்டையை அடைப்பதும் வெளியிலிருந்து கேட்பவனுக்கு ஒன்றுபோல்தான் இருக்கும்.

இன்னொரு கோடியில், ஐரோப்பிய யூனியனில் 2021 ஜூலையிலிருந்து புதிதாக விற்கும் மின்சாரக் கார்கள் மெல்லப் போகும்போது செயற்கையாக ஒரு சத்தம் எழுப்பியாக வேண்டும், ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகம் வரை. பார்வையற்றவருக்கு வண்டி வருவது தெரிய வேண்டுமே. காண்ட்டுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை. ஒரே தெருவில் தூங்குகிற நர்ஸுக்கு நான் சத்தமின்மையும், கோல் தட்டிக்கொண்டு வருகிறவருக்குச் சத்தமும் கடன்பட்டிருக்கிறேன். இரண்டையும் சமன்செய்யும் டெசிபல் எண் ஏதும் கிடையாது. கரும்பு அரவைக் காலத்தில் டிராக்டர்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கும் ஊரில் இதெல்லாம் எலி வேட்டை என்று ஒரு நண்பர் சிரித்தார். 1842இலிருந்து சர்க்கரை ஆலை உள்ள ஊர், காதுகள் பழகியிருக்கும் என்பது அவர் வாதம். பழகிய காது என்பது என்ன என்று அவரைப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டினேன்.

புதிய டப்பாவோடு மறுபடியும் அந்த மதில் சுவரை ஒட்டிப் போனேன். உறுமல் இல்லை. ஆனால் அதுவரை உறுமலுக்கு அடியில் கிடந்த ஒரு "டிக் டிக்" எஞ்சின் பக்கத்திலிருந்து தெளிவாகக் கேட்டது. வால்வ் இடைவெளியாக இருக்கலாம். பெரியவர் பானெட்டில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை திறந்துவிடலாம் என்கிறார்.