கொடுக்கிற கை, வடசென்னையின் கை!

தம்பி, தங்கச்சி! வடசென்னை என்றதும் வெளியில் என்ன பேசுகிறார்கள் என்று உனக்குத் தெரியும். புகை, லாரி, எண்ணெய்க் கசிவு, சினிமாவில் வரும் கத்தி. யாராவது வந்து உதவி செய்ய வேண்டிய ஊர், இலவச முகாம் போட்டால் வரிசையில் நிற்கிற ஊர் என்று நம்மைப் பற்றி ஒரு முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள். அவர்கள் பேசட்டும். நீயும் அதை நம்பிவிட்டாயா என்பதுதான் என் கவலை. நம்பியிருந்தால் இன்றைக்கே தூக்கி எறி!

நம் ஊர் கொடுத்துப் பழகிய ஊர். திருவொற்றியூரில் உருவான புல்லட் நாடு முழுக்க ஓடுகிறது. எண்ணூரில் உருவான லாரி நாட்டின் சுமையை இழுக்கிறது. சென்னை உண்ணும் மீன் காசிமேட்டில் விடியுமுன் ஏலம் போகிறது. 2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையேறியபோது, வாளியோடு இறங்கி வெறுங்கையால் அள்ளியவர்களில் நம் மீனவர்களும் நம் இளைஞர்களும் இருந்தார்கள். இந்தக் கைகள் ஏந்துவதற்கு மட்டும் படைக்கப்பட்டவையா?

இரண்டு ரூபாயில் எழுந்த இரண்டு மலைகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் டாக்டர் ஜெயச்சந்திரன் இருந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பணம் கொழிக்கும் இடம் தேடிப் போயிருக்கலாம். போகவில்லை. இரண்டு ரூபாய்க்கு வைத்தியம் பார்த்தார். பின்னாளில் ஐந்து ரூபாய். அதுவும் இல்லாதவர்களிடம் கேட்கவே மாட்டார். 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது வடசென்னையே தெருவில் நின்று அழுதது.

வியாசர்பாடியில் டாக்டர் திருவேங்கடம். நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1973-இல் இரண்டு ரூபாயில் தொடங்கி, கடைசிவரை ஐந்து ரூபாய் டாக்டராகவே வாழ்ந்து, 2020 ஆகஸ்டில் மறைந்தார். தன் படிப்புக்குப் பெரிய செலவு வைக்காத இந்த நாட்டுக்குத் தன் வைத்தியமும் பெரிய செலவு வைக்கக் கூடாது என்று நினைத்தவர் அவர்.

இந்தச் சேவைக்காக இருவரும் எந்தப் பெரிய நிறுவனத்தின் தோளிலும் ஏறி நிற்கவில்லை. ஒரு சின்ன அறை, ஒரு ஸ்டெதஸ்கோப், உறுதியான மனம். அவ்வளவுதான் மூலதனம்!

"அவர்கள் டாக்டர்கள். நான் யார்? டிப்ளமா முடித்துவிட்டு கான்ட்ராக்ட் வேலைக்கு அலைகிறவன்" என்கிறாயா? அந்த எண்ணத்தைத்தான் இன்று உடைக்கப் போகிறோம். டாக்டர் பட்டம் இல்லாத உனக்கும் ஒரு வேலை காத்திருக்கிறது: மங்கலாகப் பார்க்கிற குழந்தைகளைக் கண்டுபிடிப்பது.

புகார் சொல்லத் தெரியாத குழந்தை

கரும்பலகை தெரியாத குழந்தை "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லாது. பிறந்ததிலிருந்து மங்கலாகவே பார்த்த குழந்தைக்கு, எல்லோருக்கும் உலகம் அப்படித்தான் தெரிகிறது என்ற நினைப்பு. கண்ணைச் சுருக்கிப் பார்க்கும். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும். தலை வலிக்கிறது என்னும். நாம் அதற்கு "மக்கு" என்று பெயர் வைத்து ஒதுக்கிவிடுவோம். ஒரு கண்ணாடி இருந்தால் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டிய குழந்தை, எட்டாம் வகுப்போடு நின்று மீன்பாடி வண்டி இழுக்கிறது. இது விதியா? இல்லை! யாரும் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன கணக்கைக் கேள். உலகில் 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறை. அதில் குறைந்தது 100 கோடிப் பேரின் குறை, தடுத்திருக்கக் கூடியது அல்லது இன்னும் சரிசெய்யப்படாதது. சீனாவின் மேற்குக் கிராமங்களில் 252 தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. இலவசக் கண்ணாடி பெற்ற பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் உயர்ந்தது. புது வாத்தியார் வரவில்லை, புதுப் பாடமும் வரவில்லை. பலகை தெரிந்தது, பாடம் புரிந்தது!

ஆறு மீட்டர் கயிறு போதும்

கண் பரிசோதனையின் முதல் படியைச் செய்ய டாக்டர் பட்டம் வேண்டியதில்லை. தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமே அந்த வேலையைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறது. ஆறு மீட்டர், அதாவது இருபதடி தூரத்தைக் கயிற்றால் அளந்துகொள். எதிரே ஆங்கில 'E' எழுத்தைப் பல பக்கம் திருப்பி எழுதிய அட்டை. குழந்தை ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடிக்கொண்டு, எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் நீள்கின்றன என்று கையால் காட்ட வேண்டும். அட்டையில் '6/9' என்று குறித்த வரிசையைச் சரியாகக் காட்டாத குழந்தையைக் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஒரு நாள் பயிற்சியில் உன்னால் கற்றுக்கொள்ள முடியாதா?

மாறுகண் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடுகிற வீடுகள் இன்னும் உண்டு. அது அதிர்ஷ்டமில்லை என்று அந்தத் தாயிடம் உட்கார்ந்து பேசு. சின்ன வயதிலேயே சிகிச்சை கிடைக்காவிட்டால் அந்தக் கண்ணின் பார்வை நிரந்தரமாக மங்கிப்போகலாம். கண்மணியில் வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதே. இருட்டியதும் தடுமாறுகிற குழந்தைக்கு வைட்டமின் ஏ குறை இருக்கலாம். மருத்துவரிடம் காட்டு, முருங்கைக்கீரையையும் பப்பாளியையும் தட்டுக்குக் கொண்டுவரச் சொல்.

இரண்டை மட்டும் செய்யாதே. நீயே மருந்து விடாதே; பழைய கண்ணாடியைக் கழுவி மாட்டிவிடாதே. கண்டுபிடிப்பது உன் வேலை, குணப்படுத்துவது மருத்துவரின் வேலை.

உன் உண்மையான வேலை கண்டுபிடித்த பிறகுதான் தொடங்குகிறது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கண் பிரிவு இருக்கிறது. 1819-இல் தொடங்கிய கண் ஆஸ்பத்திரி இன்று எழும்பூரில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி தரும் அரசுத் திட்டம் இருக்கிறது. எல்லாம் இருந்தும் குழந்தை அங்கே போய்ச் சேருவதில்லை. ஏன்? அப்பாவுக்கு ஷிப்ட், அம்மாவுக்கு மீன் வியாபாரம். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. அந்த இடைவெளியில் நீ நில்! பெற்றோரிடம் அனுமதி வாங்கு, குழந்தையோடு போ, ஓபி சீட்டு வாங்கு, வரிசையில் நில். கண்ணாடி வந்த பிறகும் விட்டுவிடாதே. "சோடாபுட்டி" என்று கேலி செய்தால் பிள்ளை கழற்றிப் பைக்குள் போட்டுவிடும். ஒரு மாதம் கழித்துப் போய், போட்டிருக்கிறதா என்று பார்.

வளைந்த விரல்கள், குடிசை மருத்துவமனை

துணிவு குறைகிறதா? வடமலாபுரம் என்ற சிற்றூரில் பிறந்த டாக்டர் வெங்கடசாமியை நினை. இளம் வயதிலேயே மூட்டுவாதம் அவர் விரல்களை முறுக்கிப் போட்டது. பிரசவ மருத்துவராகும் கனவு கலைந்தது. படுக்கையில் கிடந்தவர் எழுந்து கண் மருத்துவம் படித்தார். அந்த வளைந்த விரல்களாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் செய்தார். 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. அங்கே பரிசோதனை அறைகளைத் தாங்கி நிற்பவர்கள் யார்? கிராமங்களிலிருந்து வந்து, பள்ளிப் படிப்போடு பயிற்சி பெற்ற பெண்கள்!

தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்லிங்கி என்ற ஊர். 1993-இல் ரெஜி, லலிதா என்ற மருத்துவத் தம்பதி அங்கே ஒரு கூரைக் குடிசையில் பழங்குடி மக்களுக்கு வைத்தியம் தொடங்கினார்கள். அப்போது பிறந்த 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. அந்த எண்ணிக்கை இருபது அளவுக்கு இறங்கியது. இரண்டே டாக்டர்கள் சாதித்ததா இது? அவர்கள் பயிற்சி கொடுத்த பழங்குடிப் பெண்கள் வீடு வீடாக நடந்து சாதித்தது! அந்தப் பெண்களால் முடிந்தது உன்னால் முடியாதா?

கும்மிடிப்பூண்டி ரயில் ஏறு

உன் தெருவில் தொடங்கு. காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம், காசிமேடு என்று பரவு. அங்கேயே நின்றுவிடாதே. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் நின்று போகிற அதே மின்சார ரயில் மீஞ்சூர், பொன்னேரி தாண்டிக் கும்மிடிப்பூண்டிக்குப் போகிறது. அந்தப் பக்கத்து ஊர்களில் இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. செங்கல் சூளையிலும் வயலிலும் பெற்றோர் உழைக்க, முதல் தலைமுறையாகப் பள்ளிக்கூடம் ஏறும் குழந்தைகள் இருக்கிறார்கள். நம்மைவிடப் பின்னால் தள்ளப்பட்டவர்கள். அவர்களிடம் தானம் கொடுக்கிற தோரணையில் போகாதே. அண்ணனாக, அக்காவாகப் போ. அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேள், அங்குள்ள இளைஞர்களுக்கும் அந்தக் கண் பரிசோதனை அட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொடு. நீ கற்ற வித்தை அங்கே வேர்விட்டால்தான் உன் சேவை முழுமை.

பணம் வரட்டும், பதவி வரட்டும், பிறகு செய்கிறேன் என்று தள்ளிப்போடாதே. நீ சம்பாதித்து முடிப்பதற்குள் ஒரு குழந்தையின் பள்ளி வயது முடிந்துவிடும்!

நான்கு நண்பர்களைச் சேர். நாளை காலை உன் தெருப் பள்ளியின் தலைமையாசிரியரைப் பார். "ஐயா, கண் பரிசோதனைக்கு உதவி செய்ய நாங்கள் இருக்கிறோம். பயிற்சிக்கு ஏற்பாடு செய்யுங்கள்" என்று நிமிர்ந்து நின்று சொல். அவர் முடியாது என்றால் அடுத்த வாரம் மறுபடியும் போ. யாராவது வருவார்கள் என்று காத்திருந்த ஊரில், வருகிற அந்த யாரோ நீயாக இரு. கிளம்பு!