பெயர் அறிதல் பொருள் அறிதலாகுமா?

ஒன்றன் பெயரை அறிந்துவிட்டால் அதனையே அறிந்தவராவோமா என்பது மெய்யியலின் பழைய வினாக்களுள் ஒன்றாகும். கிரேக்க ஞானி பிளேட்டோ தமது ‘கிரற்றிலஸ்’ என்னும் உரையாடல் நூலில், பெயர்கள் பொருள்களின் இயல்பிலிருந்து எழுவனவா, அன்றி மக்களின் உடன்பாட்டால் அமைவனவா என ஆராய்ந்தார். அவ்வினாவோடு ஒழுக்கவியல் சார்ந்த பிறிதொரு வினாவும் பிணைந்து நிற்கின்றது. இன்னதென்று அறியப்படாத ஓர் உயிரை நாம் எவ்வாறு நடத்துதல் வேண்டும்? நமது அறியாமை அதனை அழிக்கும் உரிமையை நமக்குத் தருகின்றதா, அல்லது பொறுத்திருக்கும் கடமையைத் தருகின்றதா? இதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகைய வினாவைப் பெரிய எடுத்துக்காட்டுகளைக் கொண்டு ஆராயப் புகின், நமது விருப்பு வெறுப்புகள் முன்வந்து நின்று பார்வையை மறைத்துவிடும். ஆதலின் யாருடைய உள்ளத்தையும் கொதிக்கச் செய்யாத சிறியதொரு பொருளை எடுத்துக்கொள்வோம். வீட்டு மண்டபத்தில் வைக்கப்பட்ட கடல்நீர்த் தொட்டியே அது.

கண்ணாடிக்குள் ஒரு கடல்

கடலுயிர்களை நீர்த்தொட்டியில் வளர்த்துப் பார்க்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பரவலாயிற்று. 1853இல் இலண்டன் விலங்கியற் பூங்காவில் பொதுமக்களுக்கான முதல் நீர்வாழுயிர்க் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. மறு ஆண்டில் பிலிப் ஹென்றி கொஸ் என்பார் இத்துறைபற்றி எழுதிய நூல் இவ்வார்வத்தை வீடுகள்தோறும் கொண்டு சென்றது. இன்று மேலைநாடுகளில் உயிருள்ள முருகைகளையே வீட்டில் வளர்ப்போர் பலர். அத்தொட்டிகளில் நீந்தும் வண்ண மீன்களுட் சில, நமது இலங்கைக் கடலிற் சுழியோடிகளாற் பிடிக்கப்பட்டு ஏற்றுமதியாவன என்பதும் ஈண்டு நினைவுகூரத் தக்கது.

இத்தொட்டிகளின் அடித்தளமாக அமைவது ‘உயிர்ப்பாறை’ எனப்படும் பொருள். இறந்த முருகையின் சுண்ணாம்புக் கூடே அது. அதன் துளைகளில் வாழும் பற்றீரியாக்கள் மீன்களின் கழிவிலிருந்து எழும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றி, தொட்டியை நஞ்சாகாமற் காக்கின்றன. ஆயின் கடலிலிருந்து எடுக்கப்படும் பாறையுடன் பற்றீரியாக்கள் மட்டும் வருவதில்லை. அழையா விருந்தாளிகள் பலரும் உடன் வருகின்றனர். விளக்கணைந்த பின்னர் பாறை இடுக்குகளிலிருந்து முள்மயிர்ப் புழுக்கள் தலை நீட்டுகின்றன. விரல் நகத்தினும் சிறிய நட்சத்திரமீன்கள் கண்ணாடியில் ஊர்கின்றன. வெண்ணிறச் சுருட்குழாய்களிலிருந்து மெல்லிய இழைகள் விரிகின்றன. தொட்டிக்கு உரியவர் இவற்றுள் எதனையும் விலைகொடுத்து வாங்கியவரல்லர், பெயரும் அறியார்.

அவர் உள்ளத்தில் முதலில் எழும் வினா, “இது என்ன?” என்பது. ஆயின் அது கணப்பொழுதில் வேறொரு வினாவாக உருமாறிவிடுகின்றது: “இது நல்லதா, கெட்டதா?” இவ்விரண்டும் ஒரே வினாவின் இரு வடிவங்கள் போலத் தோன்றினும் அவ்வாறல்ல. முன்னையது அவ்வுயிரைப் பற்றியது. பின்னையது நம்மைப் பற்றியது. ‘கேடு’ என்பது புழுவின் உடலில் உள்ள பண்பன்று. நாம் போற்றும் பொருளுக்கும் அதற்கும் இடையேயுள்ள உறவின் பெயரே அது. அதே புழு கடலடியில் வாழ்ந்த காலத்தில் நல்லதாகவும் இருந்ததில்லை, கெட்டதாகவும் இருந்ததில்லை.

அன்றியும், உருவத்தைக் கொண்டு செயலைத் துணிதலும் எளிதன்று. தொட்டிகளிற் காணப்படும் முள்மயிர்ப் புழுக்களுட் பெரும்பாலானவை மிஞ்சிய இரையையும் இறந்தவற்றையும் உண்டு தொட்டியைத் துப்புரவாக வைத்திருப்பவை. ஆயின் அவற்றின் உறவினமாகிய அத்திலாந்திக் கடலின் தீப்புழுவோ முருகையின் உயிர்ப்பகுதியையே மேய்வது. பழகாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சிறு நட்சத்திரமீன்களின் நிலையும் இத்தகையதே. அவை கண்ணாடியிற் படரும் பாசியை மேய்கின்றன என்பர் பலர். முருகைகளையும் தின்கின்றன என முறையிடுவர் சிலர். வேறுபட்ட இனங்கள் ஒரே பெயரால் வழங்கப்படுமிடத்து இரு திறத்தாரும் உண்மையே பேசுதல் கூடும்.

தவறான பெயரின் வரலாறு

பெயரிடல் அறிவை வளர்க்கும் என்பதை யாவரும் ஒப்புவர். அது அறிவைத் தடுத்து நிறுத்தவும் கூடும் என்பதற்கு விலங்கியல் வரலாற்றில் ஒரு சிறந்த சான்றுண்டு. 1883இல் ஒஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த கடல்நீர்த் தொட்டியின் கண்ணாடியில் பிரான்ஸ் ஐலார்ட் சுல்ற்சே என்னும் அறிஞர் ஒரு நுண்ணுயிரினைக் கண்டார். சில மில்லிமீற்றர் அளவேயான தட்டையான தகடு அது. வாயில்லை, குடலில்லை, நரம்பில்லை. கணத்துக்குக் கணம் உருமாறி ஊர்ந்து, தன் அடிப்புறத்தாலேயே உணவைச் செரித்து உட்கொள்வது. அவர் அதற்கு ‘திரிக்கோபிளாக்ஸ்’ எனப் பெயரிட்டு, அறியப்பட்ட எக்கூட்டத்துள்ளும் எளிதில் அடங்காத விலங்கென விவரித்தார்.

1907இல் திலோ குரும்பாக் என்னும் மற்றோர் அறிஞர், இது தனியொரு விலங்கன்று, கடற்சொறியின் உறவினமொன்றின் குடம்பியே எனக் கூறினார். புதிரொன்று தீர்ந்துவிட்டது என்ற நிம்மதி பிறந்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அவ்வுயிர் கவனிப்பாரற்றுக் கிடந்தது. கால் கிறெல் என்னும் ஜேர்மன் அறிஞர் அதனை மீண்டும் நுணுகி ஆராய்ந்து, 1971இல் அதற்கெனவே தனியொரு கணத்தை வகுத்தார். அதாவது, முதுகெலும்புள்ள விலங்குகள் யாவும் ஒரு கணத்துள் அடங்க, தொட்டிக் கண்ணாடியில் ஊர்ந்த இச்சிறு தகடு தனக்கெனவே ஒரு கணத்தைப் பெற்றது. கதை அத்துடன் முடியவில்லை. தோற்றத்தில் அதனின்றும் வேறுபடுத்த இயலாத மற்றோர் உயிர், பரம்பரையலகுகளின் ஒப்பீட்டினால் வேறொரு சாதியைச் சேர்ந்தது என 2018இல் நிறுவப்பட்டு, ‘ஹொய்லுங்கியா’ எனப் பெயர் பெற்றது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது யாது? அறியாமை அவ்வாராய்ச்சியைத் தடுக்கவில்லை. பெயரில்லாத நிலையில் சுல்ற்சே கூர்ந்து நோக்கினார். “இது வெறும் குடம்பி” என்ற விடை கிடைத்த பின்னரே கண்கள் மூடிக்கொண்டன. ‘அறியேன்’ என்பவன் தேடுவான். ‘அறிந்தேன்’ எனத் தவறாக எண்ணுபவன் தேடலை நிறுத்திவிடுவான். நமது அளவை நூலார் ஐயத்தையும் திரிவையும் வேறுபடுத்திக் கூறியதன் நுட்பம் இங்கு விளங்கும். கயிறோ பாம்போ என மயங்குதல் ஐயம். கயிற்றைப் பாம்பெனவே துணிதல் திரிவு. இரண்டும் குற்றமெனினும், ஐயம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் வாயிலைத் திறந்து வைத்திருக்கின்றது. திரிவு அதனை அடைத்துவிடுகின்றது.

இன்னொரு நிகழ்ச்சி இதனினும் ஆழ்ந்து சிந்திக்கத் தக்கது. கிளைமுருகைகளைத் தின்னும் தட்டைப்புழுவொன்று தொட்டி வளர்ப்போருக்கு நெடுங்காலம் பெருந்தொல்லையாக இருந்தது. முருகைகளை மருந்து நீரில் தோய்த்து அதனைக் கொன்றனர். அப்புழுவுக்கு ‘அமக்குசபிளானா அக்ரோபொரே’ என்னும் விஞ்ஞானப் பெயர் 2011இலேயே கிடைத்தது. இயற்கைக் கடலில், ஒஸ்திரேலியாவின் பெருந்தடுப்பு முருகைத்தொடரில், அது கண்டறியப்பட்டது அதற்கும் பின்னரே. சொந்தப் பெயர் பெறுவதற்கு முன்பே அது ‘பகை’ என்னும் பெயரைப் பெற்றுவிட்டது. அது எங்கே பிறந்தது, கடலில் அதன் பங்கு யாது என்பவற்றை அறியுமுன்னரே அதனைக் கொல்லும் வழியை மனிதர் அறிந்திருந்தனர்.

எதிர்வாதம்

இவ்விடத்து ஒருவர் பின்வருமாறு மறுத்துரைத்தல் கூடும்: “தொட்டிக்கு உரியவர் தம் பராமரிப்பில் உள்ள மீனுக்கும் முருகைக்கும் கடமைப்பட்டவர். இனம் அறியும்வரை காத்திருந்தால் அதற்குள் அவை அழிந்துபோகும். ஐயத்தைப் போற்றுதல் பொறுப்பைத் தட்டிக்கழித்தலாகும்.” இவ்வாதம் எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. 2009இல் இங்கிலாந்தின் கோண்வோல் பகுதியிலுள்ள காட்சிச்சாலையொன்றில் முருகைகள் காரணமின்றிச் சிதைவுற்றன, மீன்கள் காயமுற்றன. இறுதியில் பாறைகளைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, நான்கு அடி நீளமான புழுவொன்று அவற்றினுள் மறைந்து வாழ்ந்தமை தெரியவந்தது. மேற்கூறிய தட்டைப்புழுவும் கற்பனைப் பகையன்று. அது முருகைகளை உண்மையாகவே அழிப்பது.

துன்புறும் ஆற்றலையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்பர் பெந்தாமைப் பின்பற்றுவோர். ஆயின் நரம்பே இல்லாத உயிரின்முன் அவ்வளவுகோல் தெளிவான விடை எதனையும் தருவதில்லை. தொல்காப்பியம் மரபியலும் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்து, சங்கு முதலியவற்றை ஈரறிவிலும் நண்டினை நாலறிவிலும் வைத்தது. அவ்வகுப்பு உயிர்களின் ஆற்றலைக் கூறுவதேயன்றி, அறிவு குறைந்ததனை அழிக்கலாம் எனக் கூறுவதன்று. எனவே கொல்லுதல் எஞ்ஞான்றும் ஆகாது என்றோ, ஐயம் வந்தவிடத்து அழித்தலே தகும் என்றோ ஒரு பொதுவிதி கூறி அமைதல் இயலாது.

ஐயத்துக்கு ஓர் இலக்கணம்

இவ்விரு முனைகளுக்கும் இடையே நமது இலக்கணம் ஒரு வழியைக் காட்டுகின்றது. தூரத்தே தெரிவது மரக்கட்டையா, மனிதனா எனத் திணையில் ஐயம் தோன்றினால், அதனை ‘உரு’ என்னும் பொதுச்சொல்லாற் கூறுக என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரம் வகுத்த நெறி. ஐயம் நீங்கியபோது ‘இஃது இன்னது அன்று’ என விலக்கித் துணிதற்கும் ஆங்கு இடமுண்டு. இது வழுவின்றிப் பேசுதற்கான விதி மட்டுமன்று. நேர்மையாக நடத்தற்கான விதியுமாம். அறிவு எவ்வளவு தூரம் செல்கின்றதோ அவ்வளவு தூரமே சொல்லும் செல்லுதல் வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

இந்நெறியைத் தொட்டிக்குப் பொருத்திப் பார்ப்போம். பாறையிடுக்கில் தோன்றியதை ‘முருகை தின்னி’ எனத் துணியாது, ‘ஒரு புழு’ எனக் கூறுதல் முதற்படி. அது எப்போது வெளிவருகின்றது, எதனை உண்கின்றது, அது இருந்த இடத்தில் உண்மையில் சேதம் உண்டா என நோக்குதல் இரண்டாம் படி. ஐயம் வலுப்படின், கொல்லாது வேறொரு பாத்திரத்திற் பிரித்து வைத்தல் மூன்றாம் படி. இதனால் முருகைக்குச் செய்ய வேண்டிய கடமையும் கெடுவதில்லை; அறியப்படாத உயிரும் விசாரணையின்றி அழிவதில்லை. கேடு உறுதியான பின்னர் அதனை அகற்ற நேரின், “எனது தோட்டத்துக்காக இதனை அகற்றுகின்றேன்” எனக் கூறுவதே உண்மை. “இது தீயது, ஆதலின் அழிகின்றது” எனக் கூறுதல் நமது விருப்பத்தை உலகின் சட்டமாகக் காட்டுதலாகும்.

மனிதரிடை

புழுவைப் பற்றிய இவ்வாராய்ச்சி புழுவோடு நின்றுவிடுவதன்று. இந்நாட்டில் வாழ்ந்தோர்க்கு ‘அடையாளம்’ என்பது வெறும் விலங்கியற் சொல்லன்று. அடையாள அட்டையை நீட்டிவிட்டு, அதனைப் பார்ப்பவரின் முகத்தை நோக்கி நின்ற அனுபவம் ஒரு தலைமுறைக்கே உண்டு. பெயரையும் ஊரையும் வாசித்த அளவில் ஒருவரை முழுவதும் அறிந்துவிட்டதாகக் கொள்வோர் எத்திறத்தும் உளர், எவ்வினத்தும் உளர். ‘இன்னார்’ என்ற சொல் அகப்பட்டவுடன் கண்கள் மூடிக்கொள்கின்றன. குரும்பாக்கின் ‘குடம்பி’ செய்த வேலையையே அச்சொல்லும் செய்கின்றது.

ஆயினும் இவ்வொப்புமைக்கு ஓர் எல்லையுண்டு. மனிதரைப் புழுவோடு நிறுத்துதல் இதன் கருத்தன்று. புழு தன்னைப் பற்றிப் பேசவல்லதன்று; அதனை அறிய நாம் இரவிற் கண்விழித்துக் காத்திருத்தல் வேண்டும். மனிதனோ கேட்டால் விடை கூறுவான். பேசமாட்டாத உயிரை விசாரியாது அழித்தல் அவசரம். பேசவல்லவனைக் கேளாது தீர்த்தல் அதனினும் பெரிய அநீதி.

ஆகவே பெயர் அறிதல் பொருள் அறிதலாகாது. பொருளை அறியப் புகும் வாயில் மட்டுமே அது. வாயிலில் நின்றுகொண்டே வீட்டைக் கண்டதாகக் கூறுதல் அறிவுடையோர் செயலன்று. உறுதியாக அறியாதவிடத்துப் பொதுச்சொல்லைக் கூறி, நோக்கி, வினவி, பின்னர் துணிதல் என்னும் ஒழுங்கு நமது இலக்கணத்துக்குப் புதியதன்று. அதனை நமது வாழ்க்கைக்கும் உரியதாக்குதலே எஞ்சியுள்ள பணி.