திண்ணை

சமூகவியல் முதுகலையில் எங்களுக்கு முதலில் கற்பிக்கப்பட்டது விலகி நிற்கும் ஒழுக்கம். கேள், கலந்துவிடாதே. கள ஆய்வுக்குக் கீழத்தஞ்சையில் ஒரு தெருவுக்குப் போய், அச்சடித்த தாளோடு ஒரு கிழவியிடம் கூலி, கடன், குடிசை என்று வரிசையாய்க் கேட்டேன். எல்லாம் சொன்னாள். எழுந்திருக்கும்போது, "ஒங்களுக்கு எவ்வளவு நெலம் இருக்கு தம்பி?" என்றாள். சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்புக்கு விஞ்ஞானம் என்று பெயர் வைத்திருந்தேன்.

ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமமொன்றில் தங்கி, அதை ஸ்ரீபுரம் என்ற புனைபெயரில் 1965இல் புத்தகமாக்கினார். சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் பழைய இறுக்கம் தளர்ந்து தனித்தனியே பிரிந்துகொண்டிருப்பதை அவர்போல் நிதானமாகக் காட்டியவர் குறைவு. அவர் இருந்தது அக்ரஹாரத்தில். அதனாலேயே சேரியில் தாராளமாகப் புழங்க முடியவில்லை என்பதையும் எழுதிவிடுகிறார். ஒத்துக்கொண்டுவிட்டால் பார்வை அகன்றுவிடுமா? அகலாது. 1968 டிசம்பர் 25 அன்று, அன்றைய அதே மாவட்டத்தில், கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்துபோனார்கள். ஒரு புத்தகம் இதை முன்னறிவித்திருக்க வேண்டும் என்பது அசட்டுத்தனம். சோதிடம் வேறு துறை. ஆனால் பெத்தேய்க்குத் தான் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்திருந்தது. எனக்குத் திண்ணையே கிடையாது என்று நான் நம்பினேன். நடுநிலை என்ற சொல்லை இப்போதெல்லாம் அந்த நம்பிக்கைக்கு மட்டுமே பயன்படுத்துகிறேன்.

அப்போது எங்களுக்கு இரண்டு வேலி நிலம். கிழவியிடம் சொல்லியிருந்தால் கூலிக் கணக்கு மாறியிருக்கும், தாள் கெட்டிருக்கும். கெடவில்லை. ஆய்வேட்டுக்கு முதல் வகுப்பு கொடுத்தார்கள்.