வெறுமையான வாங்கின் முன் ஆசிரியர்

2004ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பௌர்ணமி நாள். ஆலயங்களிலே திருவெம்பாவைப் பூசை நடந்த காலம் அது. விடியமுன் எழுந்து, குளிரிலே நீராடி, சங்கும் சேமக்கலமுமாகத் தெருத்தெருவாகப் பாடிச் செல்வது எமது ஊர்ப்புறப் பிள்ளைகளின் வழக்கம். அந்தக் காலத்தின் ஒரு காலைப்பொழுதிலேதான் ஆழிப்பேரலை கரையேறியது. வடமராட்சி கிழக்கு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, அம்பாந்தோட்டை, காலி என்று முக்காற்பங்கு நாட்டின் கரையோரம் அழிந்தது. இலங்கையில் மாத்திரம் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பாடசாலைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கினர் என்பதை யாவரும் அறிவர்.

அன்று பாடசாலை விடுமுறை. அதனாலே, பாடசாலை என்ற இடம் அந்தத் துயரத்தை நேருக்கு நேர் சந்தித்தது அடுத்த மாதத்திலேதான். 2005 ஜனவரியில் முதலாந் தவணை ஆரம்பமாயிற்று. கரையோரத்துப் பாடசாலைகள் பலவற்றிற் கூரை இல்லை. கூரை இருந்த பாடசாலைகளில் அகதிகள் இருந்தனர். மேசைகளையும் வாங்குகளையும் ஒருபுறம் அடுக்கி, மறுபுறம் பாய் விரித்துப் படுத்திருந்த குடும்பங்களிடையே வகுப்புகள் தொடங்கவேண்டியிருந்தது. வடக்குக் கிழக்கு ஆசிரியர்களுக்கு இது முற்றிலும் புதியதன்று. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது மாமரத்தின் கீழே கரும்பலகையைச் சாத்தி வைத்துப் படிப்பித்தவர்கள் அவர்கள். ஆயினும் அப்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓட நேரம் இருந்தது. இம்முறை அதுவும் இருக்கவில்லை.

முதல்நாட் காலையில் ஆசிரியர் செய்யவேண்டிய முதல் வேலை யாது? வரவு இடாப்பை விரிப்பது. அது வெறும் அலுவலகக் காரியம் என்றுதான் பலரும் நினைப்பர். பெயரைக் கூப்பிட வேண்டும். "வந்தேன் சேர்" என்ற குரல் வரவேண்டும். குரல் வராத பெயரை ஆசிரியர் என்ன செய்வது? கூப்பிடாமற் கடந்து போவதா? கூப்பிட்டுவிட்டு அந்த மௌனத்தைத் தாங்குவதா? கூப்பிடாவிட்டால், இறந்த பிள்ளை வகுப்பிலே ஒருநாளும் இருந்ததில்லை என்பது போலாகிவிடும். கூப்பிட்டால், பக்கத்து வாங்கிலே இருக்கும் சினேகிதன் உடைந்துபோவான். இந்த வினாவுக்கு எந்தச் சுற்றுநிருபத்திலும் விடை இராது. ஆசிரியர்களுள்ளும் தம் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுப் பிறர் பிள்ளைகளின் முன்னால் வந்து நின்றவர்கள் இருந்தனர் என்பதை மறந்துவிடலாகாது.

பிள்ளைகள் துயரத்தை வெளிப்படுத்தும் விதமும் பெரியவர்களைத் திகைக்க வைத்தது. பெரியவர்கள் அழுதனர், பிள்ளைகளோ விளையாடினர். மணலிலே வீடு கட்டி, ஒருவன் அலையாக ஓடிவந்து அதனை மிதிக்க, மற்றவர்கள் கூக்குரலிட்டு ஓடும் "சுனாமி விளையாட்டு" கரையோர முகாம்களிலே சாதாரணமாயிற்று. சித்திர பாடத்தில் எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் கடலையும், அலையின் உச்சியிலே மனிதரையும் வரைந்தனர். இதைக் கண்ட சில பெரியவர்கள், "செத்தவீட்டிலே விளையாட்டா?" என்று அதட்டினர். அதட்டியதிலே பிழை சொல்வதற்கில்லை. அவர்களுக்கும் நெஞ்சு கொதித்தது. ஆனால் உளவளத்துணையாளர்கள் வந்து விளக்கியபோதுதான், சொல்லத் தெரியாததைப் பிள்ளை விளையாடிக் காட்டுகிறது என்பது பலருக்கும் விளங்கிற்று. மௌன அஞ்சலி நேரத்திலே வரிசையில் நிற்கும் ஒரு பிள்ளை கிளுக்கென்று சிரித்துவிடுவதும் இப்படித்தான். அது இரக்கமின்மை அன்று. தாங்கமுடியாத அமைதியைப் பிள்ளை உடைக்கப் பார்க்கிறது, அவ்வளவே.

அழிவு நேராத ஊர்களின் பாடசாலைகளும் வாளாவிருக்கவில்லை. கொப்பி, பேனை, சீருடைத் துணி, அரிசி என்று மாணவர்கள் வீடுவீடாகச் சேர்த்து அனுப்பினர். அது நல்ல காரியமே. ஆனால், கொண்டுபோய்க் கொடுத்தவர்களிற் சிலர், தாயை இழந்த பிள்ளையின் கையிலே கொப்பியைக் கொடுத்து, நிமிர்ந்து பார்க்கச் சொல்லிப் படமெடுத்தனர். வருகிறவர் ஒவ்வொருவரும் "வீட்டிலே ஆர் ஆர் செத்தது?" என்று கேட்க, பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லப் பழகிவிட்டனர். கொடுத்தவர் பெயரை ஒலிபெருக்கியிலே அறிவிக்கும் பழக்கம் கோயில்களிலும் உண்டாகையால், இதிலே பாடசாலைகளை மாத்திரம் குறைகூற முடியாது.

இவற்றையெல்லாம்விடப் பாரதூரமான சங்கடம் ஒன்று சைவநெறி பாடவேளையிலே காத்திருந்தது. அப்பர் சுவாமிகளைக் கல்லோடு பிணைத்துக் கடலிலே இட்டபோது அக்கல் மிதந்து அவரைத் திருப்பாதிரிப்புலியூர்க் கரையிலே சேர்த்த வரலாறு, சைவப் பிள்ளைகள் சிறு வகுப்பிலேயே கற்பது. தங்கையைக் கடலிலே பறிகொடுத்த ஒரு பிள்ளை அந்தப் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். "அப்பரை மிதக்கவிட்ட சாமி தங்கச்சியை ஏன் மிதக்கவிடவில்லை?" என்று அது கேட்டால் ஆசிரியரின் மறுமொழி என்ன?

கைக்கு எட்டும் தூரத்திலே ஒரு மறுமொழி எப்போதும் உண்டு. "எல்லாம் வினைப்பயன்" என்பதே அது. அந்நாட்களிலே தெருவிலும் கடையிலும் ஆலய வீதியிலுங்கூட அந்தச் சொல் தாராளமாகப் புழங்கிற்று. இன்ன ஊரார் இன்ன பாவஞ் செய்தனர், ஆகவே கடல் வந்தது என்று கணக்குத் தீர்த்தவர்களும் இருந்தனர். கன்மம் என்பது சைவசித்தாந்தத்தின் அடிப்படைகளுள் ஒன்று. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று நூல்கள் அதனை வகுத்துரைக்கும். அதனை மறுப்பது இங்கே நோக்கமன்று. ஆனால் அந்தக் கொள்கையை யார், யாரை நோக்கி, எந்த நேரத்திற் சொல்லுவது என்பது வேறு கேள்வி. தனக்கு வந்த துன்பத்தை ஒருவர் "என் வினை" என்று ஏற்றுக்கொள்வது பக்குவம். பிறனுக்கு வந்த துன்பத்தைப் பார்த்து "உன் வினை" என்று சொல்வது தீர்ப்பு. தீர்ப்புக் கூறும் அதிகாரம் எவருக்கும் கொடுக்கப்படவில்லை. நான்கு வயதுக் குழந்தையின் முற்பிறப்புக் கணக்கைப் பார்த்தவர் எவர்? இச்சொல்லைக் கேட்கும் பிள்ளை தங்கையை இழந்ததோடு, அவள் ஏதோ பிழை செய்தவள் என்ற எண்ணத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோகும்.

பெரியபுராணத்திலேயே இதற்கொரு வழி இருக்கின்றது. திருப்புக்கொளியூர் அவிநாசியிலே ஒரே வயதுப் பாலர் இருவர் குளத்துக்கு நீராடப் போயினர். ஒருவனை முதலை விழுங்கிற்று, மற்றவன் பிழைத்தான். ஆண்டுகள் சில கழிந்து பிழைத்தவனுக்கு உபநயனம் நடக்கின்றது. ஒரு வீட்டிலே மங்கல ஒலி, எதிர்வீட்டிலே அழுகுரல். அந்த வீதியால் வந்த சுந்தரமூர்த்தி நாயனார் என்ன செய்தார்? வினைப்பயன் என்று விளக்கம் சொல்லிவிட்டுக் கடந்து போகவில்லை. அழுகுரலுக்குக் காரணம் என்னவென்று விசாரித்தார். பெற்றோரோ தம் துயரத்தை மறைத்துக்கொண்டு அவரை வணங்கி வரவேற்றனர். அதைக் கண்ட பின்னரே பிள்ளையை மீட்டுத் தரவேண்டுமென்று இறைவனைப் பாடினார்.

நீருக்குள் இருவர் போய் ஒருவன் மாத்திரம் திரும்பிவந்த கதை அது. 2005ஆம் ஆண்டின் வகுப்பறைகளும் அத்தகையனவே. பிழைத்த பிள்ளை அடுத்த தரத்துக்கு ஏறும். புலமைப்பரிசிற் பரீட்சை எழுதும். பரிசளிப்பு விழாவிலே கைதட்டு வாங்கும். அப்போதெல்லாம் எதிர்வீட்டிலே ஒரு தாய் அழுதுகொண்டிருப்பாள். முதலையுண்ட பாலனை மீட்டுத்தர எந்த ஆசிரியராலும் இயலாது. விசாரிக்க இயலும். "ஏன் மிதக்கவிடவில்லை?" என்று கேட்கும் பிள்ளைக்கு, "எனக்கும் தெரியாது அப்பன், உன் தங்கச்சியைப் பற்றிச் சொல்லு, கேட்பம்" என்று சொல்லும் ஆசிரியர் சமயத்துக்குத் துரோகஞ் செய்தவராக மாட்டார்.

இன்னொரு வகையிலும் "வினை" என்ற மறுமொழி ஆபத்தானது. அது மேற்கொண்டு கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகின்றது. சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியது இலங்கை நேரப்படி காலை 7 மணிக்குச் சற்று முன்னர். கிழக்குக் கரைக்கு அலை வந்து சேர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அந்நேரத்திலே எச்சரிக்கும் ஏற்பாடு இந்து சமுத்திரத்தில் இருக்கவில்லை. பல இடங்களில் முதல் அலை வந்து திரும்பியதும் கடல் வெகுதூரம் உள்வாங்கிற்று. இப்படியொரு புதினமா என்று பார்க்கப் போனவர்களும், துள்ளிய மீனைப் பொறுக்கப் போன சிறுவர்களும் அடுத்த அலையில் அகப்பட்டனர். உள்வாங்கிய கடல் திரும்பி வரும் என்று எவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. அதேநாளிலே தாய்லாந்தின் புக்கெட் தீவிலே, டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி, கடல்நீர் நுரைத்து விநோதமாக நடப்பதைக் கண்டு, இரண்டு கிழமைக்கு முன் புவியியல் வகுப்பிலே படித்தது நினைவுக்கு வரப் பெற்றோரை எச்சரித்தாள். அந்தக் கடற்கரையில் நின்ற நூறு பேரளவில் உயிர் தப்பினர். அவளுடைய முற்பிறப்புப் புண்ணியம் என்று சொல்லிவிடலாந்தான். ஒரு ஆசிரியர் ஒரு பாடத்தை ஒழுங்காகப் படிப்பித்தார் என்பதும் உண்மையல்லவா? ஊழ் என்று ஓர் அதிகாரம் வைத்த திருவள்ளுவரே ஆள்வினையுடைமை என்றும் ஓர் அதிகாரம் வைத்தார். இரண்டையும் ஒரே மாணவன்தான் படிக்க வேண்டும்.

ஆகவே, "இத்தனை துயரத்துக்குள்ளே கணக்கும் புவியியலும் ஒரு கேடா?" என்று கேட்டவர்களுக்கு மறுமொழி உண்டு. முகாமிலே பிள்ளைக்கு நேரம் என்பதே இல்லாமற் போயிருந்தது. நிவாரண வரிசையே அதன் நாள். எட்டாம் வாய்பாட்டைச் சொல்லவைத்த ஆசிரியர் அந்தப் பிள்ளைக்கு ஒரு காலைப்பொழுதைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் பெயரைக் கூப்பிட்ட பின்னர்தான் வாய்பாடு வரவேண்டும். துயரத்தைத் தொடாமல் நேரே பாடத்துக்குப் போனால், இங்கே அழக்கூடாது என்பதையே பிள்ளை முதலிற் கற்கும்.

2019 ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் ஆகியவற்றிலும் கொழும்பின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் பலியாயினர். மட்டக்களப்பிலே மாண்டவர்களுள் சிறுவர் பலர். அப்போதும் பாடசாலை விடுமுறையே. இரண்டாந் தவணை பிற்போடப்பட்டு மே மாதத்திலே தொடங்கியபோது, வாயிலிலே புத்தகப்பை சோதிக்கப்பட்டது. பெற்றோர் பலர் பயத்தினாற் பிள்ளைகளை அனுப்பவேயில்லை. கடலை எவரும் வெறுக்கலாம், கடல் வருந்தாது. மனிதர் செய்த கொடுமைக்குப் பின்னரோ, வெறுப்பு வேறொரு பிள்ளையின் முகத்தைத் தேடுகின்றது. குண்டு வைத்தவர்களின் சமயத்திலே பிறந்தது ஒன்றைத் தவிர வேறொன்றுஞ் செய்யாத ஒரு பிள்ளை வகுப்பிலே இருக்குமானால், அன்று ஆசிரியர் பேசாதிருப்பதும் ஒரு பேச்சே. அந்தப் பிள்ளையின் பெயரை முன்போலவே, அதே குரலிலே கூப்பிடுவது சின்னக் காரியந்தான். அன்றைக்கு அது இலேசாக இருந்திராது. 2004இலே தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் ஒருவர் பிணத்தை ஒருவர் சுமந்தனர். கோயிலிலும் பள்ளிவாசலிலும் சமைத்த சோற்றை எல்லாரும் உண்டனர். அந்த ஒற்றுமை ஆறு மாதமும் நிலைக்கவில்லை என்பது வேறு கதை.

ஒவ்வோர் ஆண்டும் டிசெம்பர் 26ஆம் திகதி காலை 9.25 முதல் 9.27 வரை நாடெங்கும் இரண்டு நிமிட மௌன அஞ்சலி நடைபெறுவது வழக்கமாயிற்று. அது பெரும்பாலும் விடுமுறைக் காலத்திலே வருவதால் வகுப்பறைகள் பூட்டியே கிடக்கும். பாடசாலைக்குரிய நினைவு வேறோரிடத்திலே இருக்கின்றது. வரவு இடாப்பு ஆண்டுக்காண்டு மாறும், பெயர்கள் வெட்டப்படும், புதிய பெயர்கள் எழுதப்படும். அதிபரின் அலுமாரியிலுள்ள சேர்வு இடாப்பு அப்படியன்று. அதிலே ஒரு பிள்ளைக்குக் கொடுத்த சேர்விலக்கம் வேறொரு பிள்ளைக்குக் கொடுக்கப்படுவதில்லை. கடல்நீரில் ஊறி, வெயிலிலே காயவைத்து எடுத்த இடாப்புகளிலும், எழுத்துக் கலங்கியிருந்தாலும், அந்த இலக்கங்கள் அந்தந்தப் பிள்ளைகளுடையனவாகவே இருக்கின்றன.