பெட்டியடியும் பள்ளிக்கூடமும்



ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ரில் பிடிபட்ட மக்கத்துக் கைதிகளிடம் மீட்புப் பணம் வாங்கப்பட்டதை நாம் அறிவோம். பணமில்லாமல், எழுத்து மட்டும் அறிந்திருந்த கைதிகளுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் வேறு விலை வைத்தார்கள். மதீனத்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் விடுதலை! முஹாஜிர்கள் வீடுவாசலை இழந்து வந்திருந்த நேரம் அது. ஒவ்வொரு திர்ஹமும் தேவைப்பட்ட நேரம். அப்படியிருந்தும் எழுத்தைக் காசுக்கு ஈடாக ஏற்றார்கள். கற்பித்தவர்களோ முஸ்லிம்களும் அல்லர். உலகப் படிப்பு வேறு, தீன் வேறு என்று பேசுகிற நாம் இதைச் சற்று எடைபோட வேண்டாமா?

9ஆம் நூற்றாண்டில் பகுதாது நகரில் அல்குவாரிஸ்மி அல்ஜிப்ரா நூலை எழுதியபோது, அது பாகப்பிரிவினைக்கும் வழக்குக்கும் வியாபாரத்துக்கும் பயன்படும் என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். நம் பிள்ளைகள் கண்டு அஞ்சும் அந்தக் கணக்கு, கடைவீதிக்காரருக்கும் சேர்த்து எழுதப்பட்டதுதான்.

தூரத்து நகரம் வேண்டாம். சிங்கப்பூர் ஆற்றையே பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கேற்றிய படகுத் தொழிலில் சூலியா மக்கள் முன்னணியில் இருந்தார்கள். பின்னர் அது சீனர் கைக்கு மாறிற்று. 1972இல் தஞ்சோங் பகாரில் முதல் கொள்கலன் கப்பல் வந்து நின்றது. 1983இல் ஆற்றிலிருந்த தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்குக்கு அகற்றப்பட்டன. தொங்கான்காரர் உழைப்பில் குறையில்லை. உலகெங்கும் ஒரே அளவில் ஓர் இரும்புப் பெட்டி செய்தார்கள். பளுதூக்கி அதைக் கப்பலிலிருந்து நேரே துறைமேடைக்கு இறக்கிற்று. அந்தத் துறைமுகம் தோள் வலிமையை விடக் கணக்கும் இயந்திரமும் அறிந்தவரையே தேடிற்று.

நாமோ, பையன் பத்தாவது தேறியதும் பெட்டியடியில் உட்கார வைத்தோம். பெண்பிள்ளையை அதற்கும் முன்பே நிறுத்தினோம். கந்தூரிக்குக் கிடா வாங்க இளகிய நம் கை, பள்ளிக் கட்டணம் என்றதும் இறுகிற்று. (கந்தூரிச் சோற்றைக் குறை சொல்லவில்லை, நாமும் வரிசையில் அமர்ந்து உண்டவர்கள்தாம்.)

இவ்வாண்டு ஜகாத்துக் கணக்குப் பார்க்கும்போது, கடைச் சிப்பந்தியை அருகில் அழைத்து, ஊரிலுள்ள அவர் பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள், யாராவது பாதியில் நின்றிருந்தால் எவ்வளவு பணத்துக்காக நின்றார்கள் என்று விசாரியுங்கள். ஏழை மாணவர் ஏழை என்ற வகையிலேயே ஜகாத்துக்கு உரியவர். தொகையைக் கேட்டதும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி திறந்த பிறகு கொடுக்கும் கட்டணம் பல பிள்ளைகளுக்கு உதவாமலே போகிறது.