வருநோய் உரைத்தலும் மறைத்தலும்

நோய் உடலில் தோன்றுதற்குப் பல்லாண்டு முன்னரே அதன் வித்தினைக் குருதிச் சோதனையாற் கண்டு கூறும் வன்மை இக்காலத்து மருத்துவர்க்கு வாய்த்துள்ளது. அங்ஙனங் கண்டதனை உரியார்க்கு உரைத்தல் அறமோ, மறைத்தல் அறமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

மூளையைச் சிறிது சிறிதாக அழிக்கும் ஹண்டிங்டன் நோய்க்கு ஏதுவாகிய மரபணு 1993-இல் கண்டறியப்பட்டது. பெற்றோருள் ஒருவர்க்கு அஃது உளதாயின், மக்கள் ஒவ்வொருவர்க்கும் அது சேர்தற்கும் சேராமைக்கும் செம்பாதி இயைபுண்டு. நோயோ பெரும்பாலும் முப்பது நாற்பது வயதின்மேல் தோன்றும். அதனை முற்றத் தீர்க்கும் மருந்து இன்றுகாறும் இல்லை. ஆகலின் சோதனை எளிதாயிருந்தும் அதனை வேண்டாது விடுத்தார் பலர். அல்ஸைமர் என்னும் மறதிநோயின் இயல்போ வேறு. அபோ-ஈ மரபணுவின் ஒருவகை அந்நோய் வருதற்குரிய வாய்ப்பினை மிகுக்குமன்றி, வந்தே தீருமென்று துணிவிப்பதன்று. டி.என்.ஏ.யின் வடிவத்தை 1953-இல் வெளியிட்ட இருவருள் ஒருவராகிய ஜேம்ஸ் வாட்ஸன், 2007-இல் தம் மரபணுத் தொகுதியை உலகறியத் தந்தபோதும், அபோ-ஈ பற்றிய செய்தியை மட்டும் தமக்குங் கூறற்க என்றார். அவரை அறிவிற் குறைந்தாரெனல் கூடுமோ?

‘எல்லாம் பிராரத்தம், அறிந்தென், அறியாதிருந்தென்?’ என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? உடல்வழி நுகரப்படுவது பிராரத்தம். நுகருங்கால் ஈட்டப்படுவது ஆகாமியம். வருவதை முன்னறிந்தான் மனை, மக்கள், கடன், வழிபாடு என்பவற்றை ஒழுங்குசெய்து கொள்ளுதல் கூடும். ஆகலின் கேட்டார்க்கு மறைத்தல் குற்றமாம். ‘வரக்கூடும்’ என்பதனை ‘வரும்’ என்றுரைத்தலும் பொய்யேயாம்.

அற்றேல், கேளாதார்க்கும் வலிந்துரைக்கலாமோ எனின், ஆகாது. ஐந்தொழிலுள் மறைத்தலும் ஒன்று. அதுவும் அருளேயென்பது நம் சித்தாந்தம். முதல்வன் உயிரின் பக்குவம் நோக்கியே மறைப்பை நீக்குகின்றான். மருத்துவன் முதல்வனல்லன், பிறர் பக்குவத்தைத் தானே துணிதற்கு உரியனுமல்லன். கேட்பான் தன் விருப்பமே அவனுக்கு அடையாளம். அவ்விருப்பமும் ஒருமுறைக்கு இருமுறை வினவித் தெளியற்பாலது. விடை அறியுமுன் விலக வேண்டுவார்க்கு அவ்வுரிமையும் உண்டு.

இனி, மடங்களை அடைந்து ‘யான் கேட்கலாமோ?’ என்று கலங்குவார்க்கு நாம் கூறற்பாலது ஒன்றுண்டு. அறுபது கடந்த எமக்கும் அவ்வினா அயலதன்று. பெற்ற மக்கள் பெயரும் ஓதிய திருமுறையும் மறந்தொழியினும் உயிர் அழிவதன்று. அந்தக்கரணம் ஆன்மாவன்று என்பது சிவஞானபோத நான்காஞ் சூத்திரத்தின் துணிபு. கெட்டது கருவி, கருவியுடையான் கெட்டானல்லன். கேவலத்தில் உயிர் தன்னையே அறியாது கிடந்தபோதும் அதனை மறவாது உடனின்றவன் இறைவன்; இன்னும் மறவான். இதனை உளங்கொண்டார் கேட்பினும் அஞ்சார், கேளாதிருப்பினும் அஞ்சார். இதனைச் சொல்லாது நோயை மட்டுஞ் சொல்லுதல் பாதி மெய்யேயாம்.

சிவம்.